தூங்காத கூண்டுகள்

அறவாழி ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. அவருக்கு வழிகாட்டியாக வாய்த்த டாக்டர் பிலோமினாவுக்கு நாற்பத்தொன்று.

முதல் நாள் அறவாழி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பிலோமினாவும் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க சார். இருபது வருஷம் கால்நடை டாக்டரா இருந்திருக்கீங்க. இந்த வயசுல எலியோட வந்து எதுக்குக் கஷ்டப்படறீங்க?"

"என் மனைவிக்கு அந்த நோய் இருக்கு மேடம்."

எந்த நோய் என்று பிலோமினா கேட்கவில்லை. அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு நோயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறுமூளையின் நரம்புகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகிற நோய். பரம்பரையாக வருவது. முதலில் நடை தள்ளாடும். பிறகு கை நடுங்கும். பிறகு நாக்கு குழறும். அதற்குப் பிறகு சாப்பாடு தொண்டையில் இறங்காது. மருந்து இல்லை.

அறவாழியின் மனைவி பூமயில் அறந்தாங்கிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கோகோ சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு மாவட்டத்திலேயே பேர் இருந்தது. ஒரு நாள் மைதானத்தில் கம்பத்தைச் சுற்றித் திரும்புவது எப்படி என்று ஓடிக் காட்டும்போது தடுமாறி விழுந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அது ஆரம்பம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அவளுடைய அம்மாவுக்கும் தாய்மாமனுக்கும் இதே போலத்தான் ஆரம்பித்தது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

நான்கு வருடத்தில் நடை போய்விட்டது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

"நல்லவேளை" என்று பூமயில் சொல்வாள். பதினைந்து வருடம் கோயில் கோயிலாகப் போனவள் அவள்.

அறவாழி சம்பளமில்லாத விடுப்பு போட்டார். ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கீழ்வீட்டை வாடகைக்குப் பிடித்து மனைவியை அழைத்துவந்தார். அந்த நிலையத்தில் ஒரு புது மருந்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தார்.

விலங்குக்கூடத்தின் கடைசி அறையில் இருபத்து நான்கு கூண்டுகள் இருந்தன. கூண்டுக்கு இரண்டு எலி. எல்லாம் அந்த நோயோடு பிறந்தவை. ஒவ்வொரு கூண்டுக்கும் அடியில் ஒரு மெல்லிய தட்டு. மேலே சுண்டுவிரல் அளவில் ஒரு கேமரா. எலி ஒரு காலை எடுத்து வைத்தால்கூடத் தட்டு அதைக் கண்டுகொள்ளும். இருபத்து நாலு மணி நேரமும் எல்லாம் பதிவாகி, மாடியில் அறவாழியின் கணினிக்கு வந்து சேரும்.

அறவாழிக்கு முதலில் அது பிடிக்கவில்லை.

"நானே தினம் உள்ளே போய்ப் பாத்துட்டு வரேனே மேடம். மாட்டை அப்படித்தான் பாப்பேன். கொஞ்ச நேரம் தொழுவத்துல நின்னா அதுக்கு என்னன்னு தெரிஞ்சிடும்."

"மாடு மனுஷனோட பழகினது சார். எலிக்கு நம்ம வாசனையே பயம். பயந்த எலி உடம்புக்கு முடியாததை மறைச்சுக்கும். நாம இல்லாதப்பதான் அது அதுவா இருக்கும்."

அது சரியாகப் பட்டது. அறவாழி அதன் பிறகு அந்த அறைக்குள் போகவில்லை. வாரத்துக்கு ஒரு முறை கூண்டு மாற்றுகிற மாரிக்கண்ணு மட்டும் போய்வந்தாள்.

பன்னிரண்டு கூண்டுகளுக்குக் குடிநீரில் மருந்து. மற்ற பன்னிரண்டுக்கு வெறும் தண்ணீர். எதற்கு எது என்பது பிலோமினாவுக்கு மட்டும் தெரியும். புட்டிகளில் கலந்து எண் ஒட்டுவது அவர்தான். பட்டியலை ஒரு உறையில் போட்டு ஒட்டி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார்.

"எனக்குத் தெரியக்கூடாதா மேடம்?"

"தெரிஞ்சா நீங்க பாக்கறது மாறிடும்."

"நான் பாக்கறதால எலி மாறாதே."

"எலி மாறாது."

இயந்திரம் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான வரிகளைக் கொட்டியது. ஓடியது, நின்றது, ஏறியது, குடித்தது, ஓய்ந்தது. எல்லாவற்றையும் படிக்க ஒரு ஆளுக்கு ஆயுள் போதாது. அறவாழி மொத்தத்தை மட்டும் பார்த்தார். ஒரு கூண்டு ஒரு நாளில் எவ்வளவு அசைந்தது. ஒரு நாளைக்கு ஒரு எண். அந்த எண்களைச் சேர்த்தால் ஒரு கோடு.

நாலு வாரம் எல்லாக் கோடுகளும் கீழே இறங்கின. நோயுள்ள எலி அப்படித்தான். ஐந்தாம் வாரம் சில கோடுகள் இறங்குவதை நிறுத்தின. பிறகு ஏறத் தொடங்கின.

அறவாழி எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு. மறுபடியும் எண்ணினார். பன்னிரண்டேதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே போனார்.

"மயிலு, அந்த மருந்து வேலை செய்யுது."

பூமயிலுக்கு ஏற்கெனவே பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. அவள் நிதானமாகக் கேட்டாள்.

"எலிக்குத்தானே?"

"எலிக்கும் உனக்கும் ஒரே நோய்."

குளிர்பெட்டியின் சாவி பிலோமினாவிடம் ஒன்று, அறவாழியிடம் ஒன்று. மருந்துப் பொடியில் ஒரு சிட்டிகை குறைந்தால் யாருக்கும் தெரியாது. எலியின் எடைக்கு இவ்வளவு என்றால் மனுஷியின் எடைக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்ப்பது அவருக்குப் புதிதல்ல. ஆட்டுக்குப் போட்டிருக்கிறார், மாட்டுக்குப் போட்டிருக்கிறார், ஒரு முறை கோயில் யானைக்குக்கூடப் போட்டிருக்கிறார்.

அவளிடம் எதையும் மறைக்கவில்லை. இது இன்னும் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்காத மருந்து என்று சொன்னார்.

"குடுங்க. இதுக்கு மேல என்ன ஆயிடப்போவுது" என்றாள் பூமயில்.

ஒன்பதாம் நாள் போர்வைக்குள் அவள் கால் அசைந்தது. ஆறு மாதமாக மரக்கட்டை போலக் கிடந்த கால். பன்னிரண்டாம் நாள் அவள் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, சுவரோடு சுவராக இழுத்துக்கொண்டு ஜன்னல் வரை போனாள். அங்கிருந்து திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள்.

அறவாழி கதவருகே நின்று அழுதார். ஒரு நோட்டு வாங்கிவந்து, இன்று நாலு முறை எழுந்தாள், இன்று ஏழு முறை, இன்று பதினொன்று என்று எழுதி வைத்தார்.

"என்னங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"என்ன மாதிரி?"

"சொல்லத் தெரியல. சும்மா இருக்க முடியல. எலும்புக்குள்ள எறும்பு ஊருது."

"நரம்புக்கு உசிரு வருதில்ல. அப்படித்தான் இருக்கும்."

இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி சொன்னாள்.

"தூக்கமே இல்லைங்க."

"நாள் பூரா படுத்தே கிடந்த உடம்பு. அதுக்கு எதுக்குத் தூக்கம்?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அவள் குளியலறை வாசலில் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட இளம் டாக்டர், அவளுடைய பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"எழுந்திரிக்கவே முடியாதவங்கன்னு எழுதியிருக்கு. எப்படி விழுந்தாங்க?"

"எழுந்திரிச்சாங்க டாக்டர்" என்றார் அறவாழி. குரலில் இருந்த பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் பூமயில் அவர் கையைப் பிடித்தாள்.

"அந்த மருந்து வேணாங்க."

"இன்னும் கொஞ்ச நாள் மயிலு. விடற நேரமா இது?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். வழி நெடுக வெளியே பார்த்தபடி வந்தாள். அவள் கால்கள் மட்டும் ஆட்டோவின் தரையை மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன.

எட்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அறவாழி பிலோமினாவின் அறைக்குப் போனார். அவர் உள்ளே நுழையும்போது மாரிக்கண்ணு வெளியே வந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

பிலோமினாவின் முகம் சரியாக இல்லை. அதையும் அவர் பார்க்கவில்லை.

"மேடம், உறையைத் திறக்கணும்."

"பன்னிரண்டு வாரம் ஆகணும் சார்."

"எதுக்கு ஆகணும்? இன்னும் நாலு வாரத்துல எத்தனை பேர் படுக்கையில விழுவாங்க, எத்தனை பேர் போயிடுவாங்க? எந்தக் கூண்டுக்கு மருந்துன்னு உறை சொல்ல வேண்டியதில்ல. கோடே சொல்லுது."

"கோடு என்ன சொல்லுது?"

"பன்னிரண்டு கூண்டு தேறிடுச்சுன்னு சொல்லுது."

"தேறிடுச்சுன்னு சொல்லுதா, அசையுதுன்னு சொல்லுதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

பிலோமினா எழுந்தார். தன் மேசைக்கு எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு படி இறங்கினார். அறவாழி பின்னாலேயே போனார். விலங்குக்கூடத்து வாசலில் அவருக்கு அங்கியும் தொப்பியும் முகமூடியும் எடுத்துக் கொடுத்தார் பிலோமினா. கடைசி அறையின் கதவைத் திறந்து, நாற்காலியை நடுவில் போட்டார்.

"நாலு மணி வரைக்கும் இங்க உக்காருங்க."

"நாம உள்ளே இருந்தா எலி பயப்படும்னு சொன்னீங்களே."

"பயப்படட்டும். கொஞ்ச நேரத்துல மறந்திடும். இப்ப பகல். எலி தூங்கற நேரம். தூங்கறதைப் பாத்துட்டு வாங்க."

"தூங்கறதைப் பாத்து என்ன மேடம் தெரியும்?"

பிலோமினா கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

பத்து மணி. விளக்குகள் வெள்ளை வெளேரென்று எரிந்தன. இரண்டு மாதத்துக்குப் பிறகு அறவாழி எலிகளை எலிகளாகப் பார்த்தார். தொழுவத்தில் உட்காருவது போல, கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தார்.

அரை மணி நேரத்தில் கூண்டுகள் அவரை மறந்தன.

ஒவ்வொரு கூண்டிலும் மாரிக்கண்ணு ஒரு மெல்லிய காகிதத் துண்டு போட்டிருந்தாள். எலி அதைக் கடித்துக் கிழித்துப் பஞ்சு மாதிரி ஆக்கிக் கூடு கட்டிக்கொள்ளும். பாதிக் கூண்டுகளில் கூடு இருந்தது. கால் நடுங்குகிற, முதுகு கூனிய, சாகப்போகிற எலிகள்தான் கட்டியிருந்தன. கோணல்மாணலான கூடுகள். அவற்றுக்குள் இரண்டு இரண்டாக, ஒன்றின் மேல் ஒன்று தலையைச் சாய்த்துத் தூங்கின. வயிறு ஏறி இறங்கியது.

மறுபாதியில் காகிதம் போட்டது போட்டபடி கிடந்தது. ஒரு மடிப்புக் கலையவில்லை.

அந்தக் கூண்டுகளில் எலிகள் நடந்துகொண்டிருந்தன.

அறவாழி நாற்காலியை நகர்த்தி ஒரு கூண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒன்பதாம் எண். அவருடைய கணினியில் எல்லாவற்றையும் விட உயரமாக ஏறிய கோடு அதனுடையதுதான். அந்தக் கோட்டைப் படமாக எடுத்துத் தன் கைப்பேசியில் முகப்பாக வைத்திருந்தார்.

ஒன்பதாம் எண்ணில் ஒரு எலி மூலைக்குப் போனது. திரும்பியது. எதிர்மூலைக்குப் போனது. தள்ளாடி விழுந்தது. எழுந்தது. மூலைக்குப் போனது. அதற்குக் கால் குணமாகியிருக்கவில்லை. நோய் அப்படியேதான் இருந்தது. விழுந்து விழுந்துதான் நடந்தது. ஆனால் நடந்தது. உள்ளங்கால்கள் தோல் உரிந்து சிவந்திருந்தன. முதுகு மயிரை நக்கிச் சுத்தம் செய்து பல நாள் ஆகியிருந்தது.

ஒரு முறை அது நின்றது. நின்றபடியே கண்ணை மூடியது. தலை மெல்லத் தாழ்ந்தது. அறவாழி மூச்சை அடக்கிக்கொண்டார். தலை தரையைத் தொடப்போகிற நேரத்தில் பின்னங்கால் ஒன்று தானாக உதறியது. எலி திடுக்கிட்டு விழித்தது. மூலைக்குப் போனது.

இன்னொரு முறையும் அப்படியே. பிறகு இன்னொரு முறை.

பன்னிரண்டு மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. அறவாழி சாப்பிடப் போகவில்லை.

"நில்லு" என்றார் எலியிடம்.

அது நிற்கவில்லை.

"கொஞ்சம் நில்லேன்மா."

தன் குரல் காதில் விழுந்ததும் அவர் எழுந்துவிட்டார். கதவைத் திறந்து, அங்கியைக் கழற்றாமலே படியேறினார்.

பிலோமினா மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். எதிரே அந்த உறை இருந்தது.

"இப்பத் திறக்கலாம் சார். ஆய்வை நிறுத்தறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"திறக்க வேணாம் மேடம்."

"என்ன பாத்தீங்க?"

"அதுங்க நடக்கல. அதுங்களால உக்கார முடியல."

பிலோமினா தலையை அசைத்தார்.

"தேறினதுன்னு நினைச்சேன். இருபது நாளா அதுங்க தூங்கவே இல்ல."

"ஆமா சார்."

"மேடம்." அறவாழி நாற்காலியைத் தேடினார். அது கீழே அந்த அறையில் இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பூமயிலுக்குக் குடுத்துட்டேன்."

பிலோமினாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவர் கை தானாகப் போய் இழுப்பறையில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தது.

"எத்தனை நாளா?"

"இருபத்திமூணு நாளா."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. 

"எழுந்திரிங்க சார். வீட்டுக்குப் போங்க. இன்னிக்கே நிறுத்துங்க. நரம்பு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போய் உள்ளதைச் சொல்லுங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க. என் பேரையும் சொல்லுங்க."

"எலிங்க?"

"அதுங்களுக்கு நான் இருக்கேன். நீங்க போங்க."

வீட்டில் பூமயில் கட்டிலில் இல்லை. பார்த்துக்கொள்ள வரும் பெண் சமையலறையில் இருந்தாள். பூமயில் ஜன்னலுக்கடியில் தரையில் கிடந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்திருந்தாள். கால்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டே இருந்தன. குதிகாலில் தோல் உரிந்திருந்தது. அதை அவர் அன்றுதான் பார்த்தார்.

அறவாழி அவள் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் கையில் பிடித்துக்கொண்டார். அவை அவர் கைக்குள்ளும் அசைந்தன.

"வலிக்குதா மயிலு?"

அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"வலி இல்லைங்க. வலிச்சாத் தேவலை."

நரம்பு டாக்டர் அவரைத் திட்டவில்லை. எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். மருந்தை நிறுத்தி, வேறு மருந்து கொடுத்தார். மூன்று வாரத்தில் கால்கள் அடங்கின. நாலாவது வாரம் ஒரு மத்தியானம் பூமயில் தூங்கினாள். அறவாழி கட்டிலருகே உட்கார்ந்து அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஆனால் உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் அந்த இருபத்திமூன்று நாளில் தீர்ந்துபோயிருந்தது. கை விழுந்துவிட்டது. கஞ்சி புரையேறியது. ஒரு வருடத்தில் போக வேண்டியது ஒரு மாதத்தில் போயிற்று. இது மருந்தால் வந்ததா, நோயால் வந்ததா என்று அறவாழி கேட்டார்.

"என்னால சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "பேச்சு இன்னும் ரெண்டு மாசம் இருக்கலாம். மூணு மாசம் இருக்கலாம்."

நடந்ததைப் பிலோமினாவும் அறவாழியும் தனித்தனியாக எழுதி நிலையத்தின் ஒழுங்குக் குழுவுக்குக் கொடுத்தார்கள். அறவாழியின் பதிவு ரத்தானது. பிலோமினா இரண்டு வருடத்துக்கு விலங்கு ஆய்வு செய்யக்கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த மருந்தை உலகத்தில் வேறு யாரும் தொடப்போவதில்லை. அதற்குப் பின்னால் வரிசையில் வேறு மருந்தும் இல்லை.

சாவியைத் திருப்பிக் கொடுக்க அறவாழி கடைசியாக ஒரு முறை வந்தார். விலங்குக்கூடத்து வாசலில் மாரிக்கண்ணு வாளியோடு நின்றாள்.

"வீட்ல எப்படி இருக்காங்க சார்?"

"இருக்காங்க."

அவள் தயங்கினாள். "அன்னிக்குச் சாயங்காலம் மேடமே எல்லாத்தையும் பண்ணினாங்க சார். என்னைத் தொட விடல. பன்னிரண்டு கூண்டு, இருபத்து நாலு எலி. ஒவ்வொண்ணா கையில எடுத்து, கொஞ்ச நேரம் வெச்சிருந்துட்டுத்தான், வலியில்லாம சாகடிக்கிற வாயுப் பெட்டிக்குள்ள விட்டாங்க. பெட்டிக்குள்ள போனதும் சீக்கிரம் படுத்துக்கிச்சுங்க."

அறவாழி அவளைத் தாண்டி உள்ளே போகத் திரும்பினார்.

"நான் எழுதினேன் சார். கூடு கட்டலன்னு ரிஜிஸ்டர்ல எழுதினேன். மூணு வாரம் எழுதினேன். யாரும் கேக்கலியேன்னுதான் அன்னிக்கு மேடம்கிட்ட நேர்ல போய்ச் சொன்னேன்."

"எந்த ரிஜிஸ்டர்?"

மாரிக்கண்ணு சுவரில் தொங்கிய நோட்டை எடுத்து விரித்துக் காட்டினாள். 'காகிதம் தொடல. கூடு கட்டல.' பெரிய பெரிய எழுத்தில், மூன்று வாரமும், பன்னிரண்டு கூண்டுகளின் எண்ணோடு. ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் பார்வையிட்டதற்கு அடையாளமாக ஒரு கையெழுத்து இருந்தது. அறவாழி படிக்காமலே போட்ட கையெழுத்து.

அவர் நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார்.

கடைசி அறையில் பிலோமினா இருந்தார். கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்து அடுக்கியிருந்தது. தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். அறவாழி போய் நின்றதும் ஒரு தட்டை நீட்டினார். அவரும் ஒரு துணியை எடுத்துத் துடைத்தார். நாலைந்து தட்டுகள் பெட்டிக்குள் போயின.

"உங்களை இதுல இழுத்து விட்டுட்டேன் மேடம்."

"இல்ல சார். நானும் மொத்தத்தைத்தான் பாத்தேன். ஐந்தாம் வாரம் கோடு ஏறினப்ப நானும் நம்பிட்டேன். எந்தக் கூண்டுன்னு எனக்குத் தெரியுமே. மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன்."

"ஓய்ந்த நேரம்னு தனியா ஒரு வரி இருந்திருக்கு. என்கிட்ட இருந்த நகலை நேத்துதான் எடுத்துப் பாத்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்னு இருக்கு. எல்லாமே பதிவாகியிருக்கு மேடம். இயந்திரம் ஒண்ணையும் விடல."

"விடல."

அறவாழி கையில் இருந்த தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெல்லியது. மெத்தைக்கு அடியில் வைத்தால் படுப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இது இப்ப ரெண்டு வருஷம் சும்மாத்தானே கிடக்கும். மனுஷங்களுக்குப் பெரிசா தனியா வருதுன்னும் சொல்றாங்க. எனக்கு ஒண்ணு ஏற்பாடு பண்ணித் தர முடியுமா? அவ கட்டிலுக்கு அடியில வைக்கணும்."

பிலோமினா துடைப்பதை நிறுத்தினார்.

"எதுக்கு சார்?"

"இனிமே எதையும் விட்டுடக் கூடாது. தூங்கறாளா, தூங்கலியா, மூச்சு எப்படி இருக்கு, கால் எப்ப அசையுது, எல்லாம் பதிவாகணும். இந்தத் தடவை மொத்தத்தைப் பாத்துட்டு விட்டுட மாட்டேன் மேடம். ஒவ்வொரு வரியா உக்காந்து படிப்பேன். வேற எனக்கு என்ன வேலை இருக்கு?"

அவர் குரல் கெஞ்சியது. பிலோமினா அவர் கையில் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்குப் பேச்சு இருக்கா?"

"இருக்கு. ஒரு வார்த்தை சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் ஆகுது. பல நேரம் என்ன சொல்றாள்னே புரியறதில்ல."

பிலோமினா கையை நீட்டி அந்தத் தட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார். பெட்டிக்குள் வைத்தார்.

"எலி வாய்விட்டுச் சொல்லாது சார்" என்றார். "அதனாலதான் அதுக்குத் தட்டு வெச்சோம்."